பத்தொன்பது வருஷம் ஒழுகாத குழாய்

"கழல மாட்டேங்கு, அம்மா."

பிரமநாயகம் பைப் ரிஞ்சும் கையுமாக மடத்து வாசலில் வந்து நின்றார். வேட்டி முழங்கால் வரை ஈரம். முழங்கையில் சிராய்ப்பு.

மடத்தம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எது அண்ணாச்சி, மனசா?"

"குழாய்."

"அப்பாடி" என்றார் மடத்தம்மா. "காலங்காத்தால மனசுன்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டேன். உக்காருங்க."

பிரமநாயகம் உட்காரவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய ஊர் அது. மடம் என்று பெயர்தானே தவிர, ஓடு வேய்ந்த ஓர் அறை, ஒரு விளக்கு, இரண்டு முருங்கை மரம். அவ்வளவுதான். மடத்தம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. பாதி ஆயுள் அளத்தில் உப்பு வாரியவர். பிரமநாயகத்துக்கு அறுபத்தாறு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்கு வருகிறார். குரு சிஷ்யரை அண்ணாச்சி என்பார், சிஷ்யர் குருவை அம்மா என்பார். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

"ஒரு பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான?"

"என் வீட்டுல நான் ஒருத்தனையும் கூப்பிட்டதில்ல. கரண்டு, மோட்டார், தண்ணி எல்லாம் நானேதான் பாப்பேன்."

"பாக்கத் தெரியுது. கழத்தத்தான் தெரியல."

பிரமநாயகத்துக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது சொல்லியிருந்தால் ரிஞ்சுக்கு வேலை வந்திருக்கும்.

"அந்தக் குழாய்க்கு இப்ப என்ன அவசரம்?"

"தங்கம் குளிக்கணும்."

ஆவுடைத்தங்கம் அவர் மனைவி. இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, மெதுவாக. கால் கொஞ்சம் ஊன்றுகிறது. வலது கை மட்டும் மடங்கி, விரல்கள் இறுகி, முஷ்டியாகவே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

"பன்னெண்டு நாளா ஈரத்துணி வச்சுத் தொடச்சு விடுததுதான். யாரும் குளிப்பாட்ட விட மாட்டேங்கா. நான் கூடாது. அவ தங்கச்சி கூடாது. 'நானே குளிச்சாக் குளிக்கேன், இல்லன்னா இப்படியே கெடந்துட்டுப் போறேன்'ங்கா."

"சரிதான."

"சரிதான். ஆனா வாளியில இருந்து ஒத்தக் கையால எப்படி மொண்டு ஊத்துவா? அதான் கை ஷவர் வச்ச புதுக் குழாய் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். நாற்காலியில உக்காந்துக்கிட்டு இடது கையில புடிச்சு அவளே ஊத்திக்கிடலாம். வெள்ளிக்கிழமை குளிச்சிரலாம்னு சொல்லியிருந்தேன்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"அதத்தான் சொல்ல வந்தேன்."

மடத்தம்மா இன்னொரு கொத்தை எடுத்தார்.

"மூணு நாளாப் போராடுதேன். மண்ணெண்ணெய் ஊத்துனேன். சுத்தியலால தட்டுனேன். ரிஞ்சுக்குப் பின்னால ஒரு இரும்புக் குழாயச் சொருகி தொங்கிக்கூடப் பாத்துட்டேன். இதுக்கு மேல அமுக்குனா சுவத்துக்குள்ள பைப்பு முறிஞ்சிரும். பெறவு சுவர உடைக்கணும். இருக்கது ஒரே குளியலறை."

"சரி. குழாய்க்கு என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

பிரமநாயகம் இப்போதுதான் உட்கார்ந்தார். ரிஞ்சை மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையில கோவத்துல கத்திட்டேன். 'சனியனே, என் உயிர வாங்காத'ன்னு. குழாயத்தான் சொன்னேன். தங்கம் கட்டில்ல இருந்து கேட்டுட்டா."

"ம்."

"'எனக்குக் குளியலே வேண்டாம், விட்டுருங்க'ன்னுட்டு சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. காலையில கஞ்சியும் குடிக்கல."

"குழாயத்தான் சொன்னேன்னு சொல்லலையா?"

"சொன்னேன். 'ரெண்டும் ஒண்ணுதான்'னுட்டா."

கீரை உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்தக் குழாய மாட்டுனது யாரு?"

"எவனோ ஒரு மடப்பய. நூலச் சுத்தி, பெயின்ட்டப் பூசி, பூதம் மாதிரி இறுக்கி வச்சிருக்கான். அவன் கை வெளங்குமா?"

"யாருன்னு கேட்டேன்."

பிரமநாயகம் வாயைத் திறந்தார். மூடினார்.

அவர் வீட்டில்தான் யாரையும் கூப்பிட்டதில்லையே.

"நான்தான்."

"எப்ப?"

"பத்தொன்பது வருஷம் இருக்கும். அதுக்கு முன்ன இருந்த குழாய் சொட்டிக்கிட்டே கெடந்துச்சு. ராத்திரி அந்தச் சத்தத்துல தங்கத்துக்குத் தூக்கம் வராது. அதான் நல்ல பித்தளையாப் பாத்து வாங்கி மாட்டுனேன். ஒரு சொட்டு ஒழுகக் கூடாதுன்னு ஒரு சுத்து கூடவே இறுக்கினேன்."

"ஒழுகுச்சா?"

"எப்ப?"

"இந்தப் பத்தொன்பது வருஷத்துல."

"ஒரு சொட்டு ஒழுகல."

"நம்மூரு உப்புத் தண்ணியில?"

"நம்மூரு உப்புத் தண்ணியிலதான்."

"அப்ப எதுக்கு அண்ணாச்சி அதத் திட்டுதீங்க?"

லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவருக்கு எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். மழை பெய்தால் ஏன் கரண்டு போகிறது, மழை பெய்யாவிட்டாலும் ஏன் போகிறது, இரண்டுக்கும் சொல்லுவார். இதற்கு ரிஞ்சை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார்.

மடத்தம்மா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த கீரையைத் தட்டிவிட்டார்.

"வாங்க, போவோம்."

"கீரை?"

"அது எங்க போகுது."

*

தங்கம் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். கஞ்சிக் கிண்ணம் மூடியபடி ஸ்டூலில் இருந்தது.

மடத்தம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒங்க குளியலறைக்குள்ள நான் போகலாமா?"



"என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?" ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ஒங்க குளியலறைதான?"



"போங்க" என்றாள் தங்கம்.

பிரமநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். இந்த மூன்று நாளில் சுத்தியலோடும் மண்ணெண்ணெயோடும் எத்தனையோ தடவை அங்கே போய் வந்திருக்கிறார். ஒரு தடவைகூட அவர் இதைக் கேட்டதில்லை.

குழாய் முழங்கால் உயரத்தில் இருந்தது. சுவரைத் தொடும் இடத்தில் வெள்ளையாய் உப்பு பூத்திருந்தது. பித்தளையில் ரிஞ்சின் பல் பட்டுப் பட்டுக் காயம். மடத்தம்மா அந்தக் காயங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"வெந்நி போடுங்க. கொதிக்கக் கொதிக்க. ஒரு பழைய துண்டும் வேணும்."

துண்டைக் குழாயின் கழுத்தில் சுற்றினார். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் ஊற்றினார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிரமநாயகம் ரிஞ்சைத் தூக்கினார்.

"இன்னும் இல்ல."

இன்னொரு செம்பு வெந்நீர். திரும்பவும் உட்கார்ந்துகொண்டார்.

"எவ்வளவு நேரம்மா?"

"பத்தொன்பது வருஷமாப் புடிச்சிருக்கு. பத்து நிமிஷம் குடுங்களேன்."

குளியலறைக்குள் ஆவி நிறைந்தது. வியர்த்துக் கொட்டியது. நின்றுகொண்டே இருந்தார் பிரமநாயகம்.

"சும்மா நிக்கதுக்கு அதுகிட்ட ஏதாவது சொல்லுங்க."

"எதுகிட்ட?"

"குழாய்கிட்ட."

"என்னத்தச் சொல்ல?"

"மூணு நாளாத் திட்டுனீங்கல்லா? அதுக்கு வார்த்தை இருந்துச்சுல்லா?"

பிரமநாயகம் கதவை எட்டிப் பார்த்தார். பேரன் பேத்தி எடுத்த மனுஷன் குழாயோடு பேசுவதை யாராவது பார்த்துத் தொலைத்தால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. ஒன் வேலை முடிஞ்சுது. கெளம்பு."

"அது வேலைய விட்டுத் தொரத்துத மாதிரில்லா இருக்கு."

பிரமநாயகம் குனிந்தார். துண்டுக்கு வெளியே தெரிந்த பித்தளையைப் பார்த்தார். இருபது வருஷத்துக்குக் கிட்ட தினமும் பார்த்த பொருள். பார்த்ததாக ஞாபகமே இல்லை. ஒழுகியிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

"நீ நல்லா இருந்த" என்றார், மெதுவாக.

அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், மைக்கில் நாலு பேர் பேசினார்கள். அவரைப் பார்த்து இந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

மடத்தம்மா வாளியிலிருந்து எழுந்தார்.

"இப்பப் போடுங்க ரிஞ்ச."

போட்டார். இடது பக்கம் திருப்பத் தோளை வளைத்தார்.

"வலது பக்கம்."

"அம்மா, வலது பக்கம் திருப்புனா இறுகும்."

"தெரியும்."

"நான் கழத்தணும்னு சொல்லுதேன்."

"கேட்டுச்சு."

"நாப்பது வருஷம் ஸ்பேனர் புடிச்ச கை இது."

"அதான் ஒரு வார்த்தை சொன்னாக் கேக்க மாட்டேங்கு. இறுக்குங்க."

பிரமநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம். சுவருக்குள் டிக் என்று ஒரு சத்தம், நகத்தைச் சொடுக்கியதுபோல.

அவர் உயிர் அங்கேயே நின்றது. முறிந்துவிட்டதா?

"ஒரு நெல்லளவுதான். போதும்" என்றார் மடத்தம்மா. "இப்பத் திருப்புங்க ஒங்க பக்கம்."

திருப்பினார்.

வந்தது.

மூன்று நாள் தொங்கியும் அசையாதது, இடது பக்கம் கால் சுற்று வந்தது. உப்பு மாவாக உதிர்ந்தது. அரைச் சுற்று. அப்புறம் ரிஞ்சே வேண்டியிருக்கவில்லை. கையாலேயே சுற்றினார். பழைய நூலும் காய்ந்த பெயின்ட்டும் ஒட்டிக்கொண்டு குழாய் அவர் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. இன்னும் சூடாக இருந்தது.

"இது எப்படிம்மா ஒங்களுக்குத் தெரியும்?"

"அளத்துல உப்பு வார மரப்பலகை வச்சிருப்போம். வச்சுட்டு மறந்துட்டோம்னா உப்பு இறுகிப் புடிச்சிரும். வெடுக்குன்னு இழுத்தா பலகைதான் ஒடியும். அது எந்தப் பக்கம் பதிஞ்சிருக்கோ அந்தப் பக்கமே கொஞ்சம் தள்ளணும். பெறவு தானா வரும்."

பிரமநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கைகளுக்கு நடுவே குழாய் இருந்தது.

"ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னே தெரியலம்மா."

"எனக்கு எதுக்கு? நான் வாளி மேல உக்காந்திருந்தேன்" என்றார் மடத்தம்மா. காப்பிக்குக்கூட நிற்காமல் கீரையைப் பார்க்கப் போய்விட்டார்.

*

புதுக் குழாயை மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூடி வைத்திருந்த மொட்டைமாடித் தொட்டி வால்வைத் திறந்துவிட்டு வந்து கை ஷவரை அழுத்திப் பார்த்தார். தண்ணீர் மழைபோலக் கொட்டியது. மீதி வெந்நீரை விளாவி வாளியில் வைத்தார். நாற்காலியைப் போட்டார், வழுக்காமல் இருக்கக் கீழே சாக்கு விரித்தார். சோப்பை இடது கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

சின்னப் பையன் சைக்கிள் பழகிவிட்டு வருவதுபோலக் கட்டிலுக்கு ஓடி வந்தார்.

"தங்கம், மாட்டியாச்சு. எந்திரி, குளிக்கலாம்."

"வேண்டாம்."

சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பிரமநாயகத்துக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூணு நாளா நான் பட்ட பாடு என்ன, முழங்கை உரிஞ்சது என்ன, கடை கடையா ஏறி இறங்குனது என்ன, எல்லாம் யாருக்காக? வந்த அத்தனையையும் விழுங்கினார். விழுங்குவது சுலபமாக இல்லை.

"சரி" என்றார். "வேண்டாம்."

தங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. நாற்பது வருஷத்தில் அவள் சொன்ன 'வேண்டாம்' எதற்கும் அவர் முதல் தடவையில் 'சரி' சொன்னதில்லை.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை.

கொஞ்சம் கழித்து தங்கம் இந்தப் பக்கம் திரும்பினாள். வலது முஷ்டி நெஞ்சில் கிடந்தது.

அந்த முஷ்டியோடும் அவருக்குப் பன்னிரண்டு நாள் சண்டை. உள்ளங்கையைத் தினமும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் புண் வைத்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்துவார். அவள் வலியில் கத்துவாள். 'கொஞ்சம் பொறுத்துக்கோயேன்' என்று இவரும் கத்துவார். நிமிர்த்த நிமிர்த்த அது இறுகும். இப்போது சில நாளாக அவள் கையைத் தொடவே விடுவதில்லை.

இன்று அந்தக் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டார். வெந்நீரில் புழங்கிய கைகள், சூடு இருந்தது. தங்கம் கண்ணை மூடி, வலிக்குத் தயாராகப் பல்லைக் கடித்தாள்.

அவர் விரல்களை இழுக்கவில்லை.

வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பிறகு, மணிக்கட்டு எந்தப் பக்கம் மடங்கியிருந்ததோ, அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் மெல்ல மடக்கினார்.

ஒரு நெல்லளவு.

சுண்டு விரல் தளர்ந்தது. பக்கத்து விரல் தளர்ந்தது. கட்டை விரல் விலகியது. கை அவர் கைக்குள் திறந்துகொண்டது.

தங்கம் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

உள்ளங்கை ஊறி வெளுத்துப் போயிருந்தது. புளித்த வாடை அடித்தது. நாலு நகங்களும் பதிந்த இடத்தில் நாலு பிறைத் தடம். அவர் தோள் துண்டை நனைத்து வந்து விரல் இடுக்கெல்லாம் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் கையைக் கீழே வைக்கவில்லை.

"தங்கம்."

"ம்."

"எனக்கு ஒரு தடவை கரண்டு அடிச்சு ரெண்டு கையும் வெந்து போச்சுல்லா? திருச்செந்தூர் ரோட்டுல, லைன்ல நின்னப்ப."

"ம்."

"ரெண்டு மாசம் நீதான குளிப்பாட்டி விட்ட."

"ரெண்டரை."

"ரெண்டரை மாசம். அப்ப நான் ஒனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா?"

தங்கம் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள்.

"இல்ல."

"திட்டுனேனா?"

"தெனமும். சோப்பு கண்ணுல போயிட்டுன்னு."

"நீ ஒண்ணும் சொல்லலியே."

"என்னத்தச் சொல்ல? கை வெந்து கெடந்த மனுஷன்கிட்ட."

நம் பக்கத்தில் பெண்டாட்டிக்கு யாரும் நன்றி சொல்லுவதில்லை. சொன்னால், இவர் வெளியே ஏதோ வம்பை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைப்பாள். பிரமநாயகத்துக்கு அந்த வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாக அழுகைதான் வந்தது. திறந்திருந்த அந்த உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதார்.

தங்கம் இடது கையால் அவர் தலையை நகர்த்தினாள். கட்டிலில் ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"போதும். என்னைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. நீங்களே ஊத்தி விடுங்க" என்றாள். "சோப்பு மட்டும் கண்ணுல போகட்டும், அப்ப இருக்கு ஒங்களுக்கு."